குழந்தைக்கு இதய அறுவை சிகிச்சை: தேதி கிடைக்கும் முன்பே தயாராக வேண்டியவை

பால் குடிக்கும்போது என் மகளின் நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும். மார்கழிக் குளிரிலும் வியர்த்தது. நான்கு மடக்குக் குடிப்பாள், மூச்சு வாங்கும், மார்பை விட்டுவிட்டுத் தூங்கிவிடுவாள். அரைமணி நேரத்தில் மறுபடியும் அழுவாள். “சூட்டு உடம்பு, அதுதான் வியர்க்கிறது” என்றார்கள் வீட்டில். ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு ஒரு வாரம் தாமதமாகப் போனபோது, கிராம சுகாதாரச் செவிலியர் குழந்தையின் சட்டையைத் தூக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினார். நிமிடத்துக்கு 72. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ஐத் தொட்டாலே வேகமான மூச்சு. அன்றே எங்களைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே 7 மில்லிமீட்டர் ஓட்டை தெரிந்தது.

அறுவை சிகிச்சை நடந்தபோது அவளுக்கு நான்கு மாதம் முடிந்திருந்தது. இடையில் சளி பிடித்ததால் மூன்று வாரம் தள்ளிப்போனது. காகிதம் சரியில்லாததால் ஐந்து வாரம் தள்ளிப்போனது. சளியை யாராலும் முழுதாகத் தடுக்க முடியாது. அந்த ஐந்து வாரத்தை உங்களால் மிச்சப்படுத்த முடியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறப்போகும் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மருத்துவ முடிவுகளை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது, எதைக் கையில் வைத்திருப்பது என்பதை நான் சொல்கிறேன்.

1. நோயின் பெயரையும் கெடுவையும் எழுதி வாங்குங்கள்

பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு இதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. சிறிய ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். ஆகவே “இதயத்தில் ஓட்டை” என்ற வார்த்தையோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குறையின் பெயர் என்ன? அறுவை சிகிச்சையா, தொடை இரத்தக் குழாய் வழியாக மூடி பொருத்துவதா, மருந்தோடு காத்திருப்பதா? எந்த வயதுக்குள் செய்தாக வேண்டும்? மூன்றாவதுதான் உயிரான கேள்வி. அதன் பதிலைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

கெடு நோய்க்கு நோய் வேறுபடும். பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்குப் பொதுவாக முதல் சில வாரங்களிலேயே செய்தாக வேண்டும். நுரையீரலிலிருந்து வரும் சிரைகள் தவறான இடத்தில் சேர்ந்து, அங்கே அடைப்பும் இருந்தால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசரம் அது. கீழறைச் சுவரில் பெரிய ஓட்டை என்றால் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். இதயத்தில் நான்கு குறைகள் சேர்ந்து வந்து உடல் நீலம் பாயும் ‘ஃபாலோட்’ நோய்க்குப் பொதுவாக முதல் ஆண்டுக்குள். மேலறைச் சுவர் ஓட்டைக்குப் பெரும்பாலும் இரண்டு, மூன்று வயது வரை காத்திருக்கலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறோம். “பிள்ளை கொஞ்சம் சதை போடட்டும், பிறகு பார்க்கலாம்” என்று உறவினர் சொல்வார்கள். அன்பால் சொல்வதுதான். ஆனால் பெரிய ஓட்டை உள்ள குழந்தை குடிக்கும் பாலெல்லாம் மூச்சு விடுவதற்கே செலவாகிறது. ஓட்டையை மூடாமல் எடை சரியாக ஏறாது. இரண்டு மாதமாகக் காத்திருந்து என் மகள் ஏறிய எடை 600 கிராம். அதைவிடக் கொடியது, நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் நிரந்தரமாகத் தடித்துவிட்டால், அதற்குப் பிறகு ஓட்டையை மூடுவதே ஆபத்து என்று மருத்துவர்கள் கைவிட வேண்டிய நிலை வரும். காத்திருக்கச் சொல்ல வேண்டியவர் குழந்தை இதய மருத்துவர் ஒருவர்தான்.

நீலம் பாயும் குழந்தை வீட்டில் இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அழுது அழுது திடீரென்று உதடு கறுத்து மூச்சு வாங்கினால், முழங்கால்களை மடக்கி மார்போடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். பச்சிளம் குழந்தைகளுக்கென்று தனி வசதி உள்ள 108 வண்டிகளும் இருக்கின்றன; அழைக்கும்போதே குழந்தையின் வயதையும் இதய நோய் இருப்பதையும் சொல்லிவிடுங்கள்.

2. எங்கே போவது

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழு ஆர்.பி.எஸ்.கே. என்ற திட்டத்தின் கீழ் பிறந்தது முதல் 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. அவர்கள் அனுப்பும் இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம். பெயர் நீளமாக இருக்கிறதே என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகத்துக்குள்ளேயே இருக்கும். தனியாரிடம் எக்கோ எடுத்திருந்தாலும் அங்கே ஒருமுறை பதிவு செய்துவிடுங்கள். எந்த மருத்துவமனைக்கு எழுதித் தர வேண்டும், அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்று வழி சொல்ல ஆள் கிடைப்பார்கள். நாங்கள் இதைத் தெரியாமல் மூன்று ஊர் அலைந்தோம்.

சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் குழந்தை இதயப் பிரிவு இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யிலும் உண்டு. தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் பக்கம். புட்டபர்த்தியிலும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலும் உள்ள சத்ய சாய் மருத்துவமனைகளில் கட்டணமே வாங்குவதில்லை. ஆனால் வரிசை நீளம்; கெடு நெருக்கமாக இருந்தால் அதை நம்பி மட்டும் காத்திருக்க வேண்டாம்.

மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். “இந்த அறுவை சிகிச்சையை இந்த எடையுள்ள குழந்தைக்கு இங்கே அடிக்கடி செய்கிறீர்களா? குழந்தைகளுக்கென்று தனி இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? இரவில் அங்கே மருத்துவர் இருப்பாரா?” என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் அறுவை சிகிச்சை மருத்துவர் கையில் இருந்த பேனாவால் தாளில் இதயத்தை வரைந்து கால்மணி நேரம் விளக்கினார்.

3. ஆவணங்கள்: தேதிக்குக் காத்திராமல் இன்றே

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. அட்டைக்கான பதிவு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் நடக்கிறது. பழைய அட்டை வீட்டில் இருந்தால், அது இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுவிடுங்கள். ஐந்து லட்சம் என்பது ஒரு ஆளுக்கு அல்ல, குடும்பம் முழுவதற்கும். அதே ஆண்டில் மாமனாருக்கு ஒரு சிகிச்சை நடந்திருந்தால் மீதி எவ்வளவு என்பதையும் கேளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: குடும்ப அட்டை, தாய் தந்தை ஆதார், வருமானச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், எக்கோ அறிக்கை, எக்கோ சிடி, பிரசவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, குழந்தையின் பாஸ்போர்ட் அளவுப் படம் பத்து. ஒவ்வொன்றிலும் ஐந்து நகல். மூலச் சான்றுகளை ஒரு பையிலும் நகல்களை வேறு பையிலும் வையுங்கள். கேட்டதும் நகலை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு 60 ரூபாய்க் கட்டணம். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேசை மேசையாகப் போகும். விண்ணப்பித்த மறுநாளே கிராம நிர்வாக அலுவலரை நேரில் பார்த்து மருத்துவரின் சீட்டைக் காட்டுங்கள். எங்கள் கிராம நிர்வாக அலுவலர் எக்கோ அறிக்கையைப் பார்த்ததும் அன்று மாலையே மேலே அனுப்பிவிட்டார்.

எங்களை மாட்டிவைத்தது ஒரு கொம்பு. குடும்ப அட்டையில் என் பெயர் ‘லட்சுமி’ என்று முடிகிறது, ஆதாரில் ‘லெட்சுமி’. மையத்தில் இருந்தவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, திருத்தி வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். அதைத் திருத்தி, திருத்தியது கணினியில் ஏறி, மறுபடி பதிவு செய்து அட்டை எண் கைக்கு வர ஐந்து வாரம். இன்றிரவே எல்லாச் சான்றுகளையும் தரையில் பரப்பி, பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, முகவரி ஆகிய நான்கையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. பெயர் வைக்கவில்லை என்பதற்காகச் சான்றிதழைத் தள்ளிப்போடாதீர்கள். பெயரில்லாமலே வாங்கலாம், ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். குடும்ப அட்டையில் குழந்தையின் பெயர் ஏறவில்லை என்றால் பிறப்புச் சான்றிதழோடு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் பேசுங்கள். “உடனே அட்டை எடுத்துத் தருகிறேன்” என்று வாசலில் வந்து பேசும் ஆட்களிடம் ஆதார் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள்.

அட்டை வந்தாலும் வேலை முடியவில்லை. மருத்துவமனை உங்கள் அறிக்கைகளைக் கணினியில் ஏற்றி, காப்பீட்டுத் திட்டத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். எங்களுடையது எக்கோ சிடி இணைக்கவில்லை என்று ஒருமுறை திரும்பியது. தினமும் காலையில் காப்பீட்டுப் பிரிவுக்குப் போய், “அனுமதி வந்ததா, ஏதாவது கேட்டிருக்கிறார்களா” என்று பணிவாகக் கேளுங்கள். கேட்காதவரின் கோப்பு அடியில் போய்விடும்.

4. பணம்

அனுமதிக்கப்பட்ட சிகிச்சைத் தொகுப்புக்கு மருத்துவமனை தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். முன்பு சொன்ன கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் காப்பீட்டுக்கு வெளியே செலவு இருக்கிறது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எங்கள் கணக்கு இது: 26 நாள் வாடகை அறை 13,000, மூன்று பேர் சாப்பாடு 12,000, போக்குவரத்து 7,500, அட்டை வருமுன் எடுத்த பரிசோதனைகள் 6,200, டயாப்பர், வெளி மருந்து, சில்லறை 4,300. மொத்தம் 43,000 ரூபாய். மருத்துவமனைக்கு அருகில் அறக்கட்டளை விடுதிகள் இருக்கும். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் முதல் நாளே கேளுங்கள். நாங்கள் பன்னிரண்டாம் நாள்தான் கேட்டோம்.

இதய அறுவை சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயிலில் தூங்கும் வகுப்பு, மூன்றடுக்கு ஏசி ஆகியவற்றில் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் மருத்துவமனை கையொப்பமிட்டுத் தர வேண்டும். டிக்கெட் கவுன்டரில் நேரில் கொடுத்து வாங்குங்கள்.

காப்பீடு இல்லாதவர்களும் தொகை போதாதவர்களும் பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு படம், இருப்பிடச் சான்று, வருமானச் சான்று, செலவு மதிப்பீட்டோடு கூடிய மூல மருத்துவச் சான்று ஆகியவை வேண்டும். பணம் உங்கள் கைக்கு வராது, மருத்துவமனைக்கே போகும். அரசு மருத்துவமனையாகவோ அந்த நிதியின் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையாகவோ இருக்க வேண்டும். முக்கியமானது: சிகிச்சைக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். செலவழித்துவிட்டுத் திரும்பக் கேட்டால் கிடைக்காது.

5. காத்திருக்கும் வாரங்கள்

சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தோலில் சிரங்கு, பல் சொத்தை ஆகிய ஐந்தில் எது இருந்தாலும் தேதி தள்ளிப்போகலாம். பல் முளைத்த பிள்ளை என்றால் பல் மருத்துவரிடம் முதலிலேயே காட்டிச் சான்று வாங்குங்கள். சொத்தைப் பல்லின் கிருமி இரத்தம் வழியாக இதயத்துக்குப் போகக்கூடும். வீட்டுக்கு வருபவர்களைக் கும்பிட்டுத் தடுத்துவிடுங்கள். எங்கள் முதல் தேதி, பார்க்க வந்த ஒரு பிள்ளையின் இருமலோடு போய்விட்டது. யாரையும் நோகடிக்காமல் இருக்க வேண்டும் என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்தத் தவறு உங்களுக்கு வேண்டாம்.

மருந்தில் மிகக் கவனம். இந்தக் குழந்தைகளுக்குத் தரும் நீர் பிரிக்கும் மருந்து 0.3 மில்லி, 0.5 மில்லி என்று துளி அளவில் இருக்கும். புள்ளியைத் தவறவிட்டால் பத்து மடங்காகிவிடும். பாலாடையில் அளக்காதீர்கள். ஒரு மில்லி சிரிஞ்சு வாங்கி, செவிலியர் முன்னால் ஒருமுறை நீங்களே இழுத்துக் காட்டி, சரியான கோட்டில் நிறப் பேனாவால் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

6. அனுமதிக்கும் நாள்

இரத்தம் கொடுக்க ஆட்களைக் கேட்பார்கள். எங்களிடம் நான்கு பேர். குழந்தையின் இரத்த வகையே வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் குழந்தைக்கு ஏற்றும் இரத்தத்துக்கு ஈடாகத்தான் வாங்குகிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முந்திய இரவு தூங்காமல், காலையில் சாப்பிடாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். என் அண்ணனை அப்படித்தான் அனுப்பினார்கள். ஆகவே சொன்ன எண்ணிக்கையைவிட இரண்டு பேரைக் கூடுதலாகத் தயார்செய்யுங்கள்.

பட்டினி நேரம் பொதுவாகத் தாய்ப்பாலுக்கு 4 மணி, மற்றப் பாலுக்கு 6 மணி. உங்களுக்குச் சொன்ன நேரமே கணக்கு. அழுகிறதே என்று ஒரு வாய் கொடுத்துவிட்டால், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகக்கூடும்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்போதே எக்மோ பற்றியும் கேளுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் இதயமோ நுரையீரலோ தானாக ஈடுகொடுக்கவில்லை என்றால், இரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, உடலுக்குத் திருப்பி அனுப்பும் கருவி அது. பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவைப்படாது. தேவைப்பட்டால் முடிவெடுக்க நிமிடங்கள்தான் இருக்கும். இங்கே அந்த வசதி உண்டா, காப்பீட்டில் அடங்குமா, நாளொன்றுக்கு எவ்வளவு ஆகும், எந்த நிலையில் நிறுத்துவீர்கள் என்ற நான்கையும் பதற்றம் இல்லாத நாளிலேயே கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

7. தீவிர சிகிச்சைப் பிரிவு

முதல்முறை உள்ளே போகும்போது குழந்தையைப் பார்க்காமல் கருவிகளைப் பார்த்து நான் உறைந்துவிட்டேன். எது எதற்கு என்று தெரிந்திருந்தால் அவள் முகத்தைப் பார்த்திருப்பேன். வாயில் இருக்கும் குழாய் வென்டிலேட்டருக்குப் போகிறது. மார்பின் அடியிலிருந்து வரும் குழாய்கள் உள்ளே கசியும் இரத்தத்தையும் நீரையும் வடிக்கின்றன. அந்தப் பெட்டியில் சிவப்பு நீர் சேர்வது இயல்பு, அளவு திடீரென்று கூடுகிறதா என்பதைத்தான் செவிலியர் மணிக்கு மணி எழுதுகிறார். மார்பிலிருந்து வெளியே வரும் மெல்லிய கம்பிகள், துடிப்பு தடுமாறினால் தற்காலிகமாக இதயத்தை இயக்குவதற்கு. கட்டிலோரம் அடுக்கடுக்காக நிற்கும் சிரிஞ்சு பம்புகள் இரத்த அழுத்த மருந்துகளைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளுகின்றன. நாளுக்கு நாள் பம்புகள் குறைந்தால் நல்ல செய்தி. நான் மருத்துவரிடம் கேட்பதற்கு முன்பே பம்புகளை எண்ணிவிடுவேன். ஏழு, ஏழு, ஐந்து, மூன்று.

முகம் வீங்கியிருக்கும், கண் திறக்காது. அறுவை சிகிச்சையின்போது இதயம், நுரையீரல் வேலையைப் பார்க்கும் இயந்திரத்தில் இருந்ததன் விளைவு, சில நாளில் வடியும். சில குழந்தைகளுக்கு வீக்கம் தணியும்வரை மார்பெலும்பை மூடாமல் மேலே ஒட்டுத்தாளால் மறைத்து வைத்திருப்பார்கள். சிறுநீர் போதாமல் போனால் வயிற்றில் குழாய் வைத்து டயாலிசிஸ் செய்வதும் உண்டு. இவற்றைப் பார்த்ததும் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். “இது எதிர்பார்த்ததா, எதிர்பாராததா?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குத் தெளிவான பதில் வரும்.

அலாரம் அடிக்கடி ஒலிக்கும். கால் அசைந்து ஒட்டு நழுவினாலும் ஒலிக்கும். திரையைப் பார்க்காமல் செவிலியரின் முகத்தைப் பாருங்கள். மருத்துவர் பெற்றோரிடம் பேசும் நேரம் எது என்று கேட்டு, ஒவ்வொரு நாளும் ஒரே ஆள் போய்க் கேட்டு நோட்டில் எழுதுங்கள். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் கேட்டு ஆளுக்கொன்று புரிந்துகொண்டு இரவெல்லாம் அழுதோம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சிக்கொண்டே இருங்கள், குழந்தைக்குக் கொடுக்க முடியாத நாள்களிலும். நிறுத்தினால் வற்றிவிடும். நான்காம் நாள் மூக்குக் குழாய் வழியாக அவளுக்குப் போன 5 மில்லி என் பால்.

8. வீட்டுக்கு வந்தபின்

மார்பெலும்பு சேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ தூக்கக் கூடாது. ஒரு கை கழுத்துக்கடியில், ஒரு கை புட்டத்துக்கடியில் கொடுத்து அள்ளித்தான் எடுக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் செய்து காட்டுங்கள், பாட்டிகளுக்கு முதலில். காயத்தில் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது நீர், மூச்சு வேகம், பால் மறுத்தல் என்று எது தெரிந்தாலும் மறு பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் போங்கள். முதல் மூன்று வாரத்தில் இதயத்தைச் சுற்றி நீர் கோப்பது உண்டு.

டிஸ்சார்ஜ் சீட்டை அறையிலேயே படித்துப் பாருங்கள். மருந்தின் பெயர், மில்லி அளவு, எத்தனை நாள், மறு பரிசோதனைத் தேதி, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக் குறிப்பையும் கடைசி எக்கோ அறிக்கையையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பிறகு கேட்டால் மறுபடி ஒரு பயணம். எந்தப் பல் சிகிச்சைக்கு முன்பும் பல் மருத்துவரிடம் அறுவை சிகிச்சையைச் சொல்லிவிடுங்கள். நுண்ணுயிர்க்கொல்லி தேவையா என்பதை இதய மருத்துவர் சொல்வார். இரத்தம் ஏற்றிய குழந்தைக்கு ஒன்பதாம் மாதத்தில் வரும் தட்டம்மைத் தடுப்பூசி தள்ளிப்போகலாம். புதுத் தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்கி, கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டிவிடுங்கள்.